பந்தை விடாத நாலு பேர்

காசிமேட்டு மைதானத்தில் லாசர் மாஸ்டர் வாயைத் திறந்தால் கடல் காற்றே கொஞ்சம் ஒதுங்கி நிற்கும். அன்று சாயங்காலம் அவர் வாயைத் திறந்ததற்கு ஒரு காரணமும் இருந்தது. பெண்கள் கால்பந்து அணியின் கோச், விசிலைக் கேப்டன் ரெஜினாவிடம் கொடுத்துவிட்டு துபாய்க்குப் போய்விட்டார். ஞாயிற்றுக்கிழமை ஜெயித்தே ஆக வேண்டும். டிரா ஆனால்கூட அணி கீழ்ப் பிரிவுக்கு இறங்கிவிடும். புது கோச்சைப் பிள்ளைகளே தேர்ந்தெடுத்துக்கொள்ளட்டும் என்று கிளப்பில் கைகழுவிவிட்டார்கள். இத்தனை வருஷம் கோட்டுக்கு வெளியே லைன்ஸ்மேனாகக் கொடி பிடித்தே காலம் தள்ளிய லாசருக்கு, அந்த விசிலை ஒருநாளாவது கழுத்தில் மாட்டிப் பார்த்துவிட வேண்டும். அதற்காக எதையும் சொல்லத் தயாராக வந்திருந்தார்.

"ரெண்டு பாஸ் போட்டா மூணாவதுல பந்து போய்டுது மாஸ்டர். நீங்க இன்னா சொல்லித் தருவீங்க?" என்றாள் கேப்டன் ரெஜினா, ஷூ லேஸைக் கட்டிக்கொண்டே.

"வட்டம்மா, வட்டம். நாலு பேரு சுத்தி நின்னு பாஸ் பண்ணணும். நடுவுல ரெண்டு பேரு பிடுங்கணும். எவன் பந்தை விட்டானோ அவன் நடுவுல போணும்."

"இது எல்லா கோச்சும் சொல்றதுதானே," என்றாள் கோல்கீப்பர் பர்வீன்.

லாசருக்குச் சுருக்கென்றது. "அவங்க சொல்லுவாங்க. நான் சொன்னா நடக்கும். ராயபுரத்துல என்கிட்ட நாலு பசங்க இருந்தானுங்க. வட்டத்தைச் சின்னதாக்கி, சின்னதாக்கி, கடைசில ஒரு கேரம் போர்டு மேல ஏத்தி பாஸ் பண்ண வச்சேன்!"

"நடுவுல இருந்த ரெண்டு பேரு?"

"அவனுங்களும் அதே போர்டு மேலதான்."

எல்லோரும் சிரித்துவிட்டார்கள். சிரிப்பைக் கண்டதும் மாஸ்டருக்குக் கால் தரையில் பாவவில்லை.

"சிரிக்காதீங்க. நடுவுல மாட்டினவங்களுக்குப் பந்து கிடைச்சாத்தானே வெளிய வர? ஒருத்தனுக்குக் கல்யாணம் நிச்சயமாச்சு. பொண்ணு வீட்டுக்காரங்க வட்டத்துக்கே வந்துட்டாங்க. தாலி கட்டும்போதும் அவன் கண்ணு பந்து மேலதான்."

"பாவம், அந்தப் பொண்ணு?"

"தாலி கட்டிக்க உள்ள வந்துச்சுல்ல, அதுவும் மாட்டிக்கிச்சு. இன்னும் சேர்ந்துதான் துரத்திக்கினு கீறாங்க."

"இவ்ளோ நாள் ஆடினா பந்து தேயாதா?" பர்வீன் விடுவதாக இல்லை.

"தேஞ்சுதே! மேல தோல் போச்சு, உள்ள பிளாடர் போச்சு. அப்புறம் வெறும் காத்தைத்தான் பாஸ் பண்ணானுங்க. அதைக்கூட எவனும் பிடுங்க முடியல."

சொல்லச் சொல்ல, லாசருக்கே அந்தப் பையன்கள் கண்ணெதிரே ஓடினார்கள். "அவனுங்களை வச்சு ஒரு ஃபைனல் ஆடினேன். கிக்-ஆஃப் நம்மளுது. அதுக்கப்புறம் எதிர் டீம் பந்தைப் பார்க்கவே இல்ல. அவங்க கோல்கீப்பர் வீட்டுக்குப் போயி, மீன் குழம்பு வச்சு இறக்கிட்டு வந்தான்."

"செகண்ட் ஹாஃப் கிக்-ஆஃப் அவங்களுதாச்சே?" என்றாள் ரெஜினா.

லாசர் கையை வீசி ஒதுக்கினார். "ஹாஃப் டைம் விட்டாத்தானே! ரெஃபரி ஊதலாம்னு விசிலை வாய்கிட்ட கொண்டு போனாரு. அதுக்குள்ள நம்ம பையன் அந்த விசிலையும் சேர்த்து பாஸ் பண்ணிட்டான்."

கைதட்டல் எழுந்தது. வேலை கைக்கு வந்துவிட்டது என்றே நினைத்துவிட்டார் லாசர்.

"எத்தனை கோல் மாஸ்டர்?"

இதை மட்டும் அவர் யோசித்து வைத்திருக்கவில்லை. வாய் தன் பாட்டுக்குப் போனது. "கோலா? கோல் போட்டா பந்தை சென்டர்ல வச்சு அவன்கிட்ட கொடுக்கணுமே! உசுரைக் கொடுத்து வச்சிருந்த பந்தை எவனாவது சும்மா தூக்கிக் கொடுப்பானா?"

"அப்ப ஆட்டம்?"

"டிரா," என்றார். சொன்ன பிறகுதான் ஞாயிற்றுக்கிழமை ஞாபகம் வந்தது. "ஆனா அந்த மாதிரி டிரா ஊர்ல எவனும் பார்த்ததில்ல," என்று அவசரமாகச் சேர்த்துக்கொண்டார்.

ரெஜினா விசிலைக் கையில் எடுத்துக்கொண்டு எழுந்தாள். மைதானத்தில் வெளிச்சம் போய், பயிற்சி நேரமும் முழுசாகக் கரைந்திருந்தது.

"மாஸ்டர், நாங்க வந்ததுலேர்ந்து பேச்சு உங்ககிட்டயேதான் இருந்துச்சு. நானும் பர்வீனும் நடுவுல பூந்து பிடுங்கப் பார்த்தோம், முடியல."

லாசர் கழுத்தை லேசாக நீட்டினார். ரெஜினா விசிலைத் தன் கழுத்திலேயே மாட்டிக்கொண்டாள்.

"ஆனா கோல் விழலையே மாஸ்டர்."