மலைக்காட்டில் விரதம் இருந்த குளத்து அணி

நாணல் குளத்தங்கரையில் ஓர் உடும்பு இருந்தது. அதன் பெயர் மருதை. குளத்துக் கால்பந்து அணிக்கு அதுதான் கோல்கீப்பர். பந்து எவ்வளவு வேகமாக வந்தாலும் சரி, மருதையின் கையில் பட்டால் அங்கேயே ஒட்டிக்கொள்ளும். உடும்புப் பிடி என்றால் சும்மாவா?

அந்த வருஷம்தான் எட்டுக் காட்டுக் கோப்பை முதன்முதலாக நடந்தது. அதுவரை ஒவ்வொரு காடும் தனக்குள்ளேயே ஆடி, தனக்குத்தானே கைதட்டிக்கொண்டிருந்தது. ஒரு காட்டு அணி இன்னொரு காட்டுக்கு நடந்து போய் ஆடுவது என்பது யாரும் கேள்விப்படாத சங்கதி. எட்டு அணிகள். தோற்றால் மூட்டையைக் கட்ட வேண்டியதுதான். ஆனால் ஒரே ஆட்டத்தில் முடிவு கிடையாது. முதல் ஆட்டம் ஒருவர் மண்ணில் நடக்கும். இரண்டாவது ஆட்டம் மற்றவர் மண்ணில் நடக்கும். இரண்டிலும் போட்ட கோல்களைக் கூட்டிப் பார்த்து, யாருக்கு அதிகமோ அவர்களுக்கு வெற்றி; சமமானால் பொது இடத்தில் மூன்றாவது ஆட்டம். நடந்து வந்த அணிக்குச் சாப்பாடு போடுவது உள்ளூர் அணியின் கடமை. இவ்வளவுதான் சட்டம்.

இந்தக் கோப்பைக்கு நாணல் குளத்தை முதலில் யாரும் கூப்பிடவே இல்லை. அழைப்பு போனது மூங்கில் காட்டுப் புலிகளுக்கு. மூங்கில் காட்டுத் தலைவர் ஒரு கிழட்டுக் காட்டெருமை. அது அழைப்பை ஒருமுறை முகர்ந்து பார்த்துவிட்டு, ஊர் ஊராகப் போய் ஆடுவது நமக்குக் கௌரவம் இல்லை, நம் காட்டு ஆட்டங்களுக்கே நாள் போதவில்லை என்று சொல்லிவிட்டது. பாவம் புலிகள்! மீசை தொங்கிப்போய்த் திரும்பின. இடம் காலியாக இருக்கக் கூடாதே என்று, பக்கத்தில் கிடைத்த நாணல் குளத்தைச் சேர்த்துக்கொண்டார்கள்.

"புலிக்குப் பதிலாத் தவளையா?" என்று எல்லாக் காடுகளும் சிரித்தன. உண்மையில் அணியில் தவளைகள் இரண்டுதான். மற்றபடி கீரிகள், நீர்நாய்கள், ஒரு முள்ளம்பன்றி, கோலில் மருதை. முள்ளம்பன்றி நன்றாகத் தடுத்தாடும். ஆனால் பந்தைத் தலையால் மட்டும் முட்டக் கூடாது. முட்டினால் பந்து கிழிந்து, உள்ளே இருக்கும் இலவம்பஞ்சு காடு முழுக்கப் பறக்கும்.

அணித் தலைவன் செவலை என்ற கீரி. அந்தச் சிரிப்பு செவலையின் நெஞ்சில் முள்ளாகத் தைத்துவிட்டது. இறுதி ஆட்டம் வரை போய்க் காட்ட வேண்டும், நாங்கள் ஒன்றும் இடம் நிரப்ப வந்தவர்கள் இல்லை என்று காட்ட வேண்டும். எந்நேரமும் அதே நினைப்பு. மருதைக்கும் அதே ஆசைதான். முதல் சுற்றில் மணல்மேட்டு நரிகளை ஜெயித்தார்கள். அரையிறுதிக்கு வந்து சேர்ந்தார்கள். இன்னும் ஒரே ஓர் எதிரணிதான். அது ஊசிமலை.

ஊசிமலை அணியில் வரையாடுகளும் கருமந்திகளும் இருந்தன. பாறைமேல் பந்தாடிப் பழகியவை. அவற்றின் கால்களைப் பற்றிக் கேள்விப்பட்டதுமே குளத்து அணிக்குப் பயம் வந்துவிட்டது. முதல் ஆட்டம் நாணல் குளத்தில். காலையில் ஊசிமலைக்காரர்கள் இரண்டு நாள் நடந்த களைப்போடு வந்து இறங்கினார்கள். அப்போதுதான் செவலைக்கு அந்த யோசனை தோன்றியது.

"மருதை, சட்டப்படி சாப்பாடு போடணும். எவ்வளவு போடணும்னு சட்டத்துல இல்லை" என்றது.

மருதைக்கு முதலில் புரியவில்லை. பிறகு புரிந்தது. புரிந்தும் அகப்பையைக் கையில் வாங்கிக்கொண்டது. இங்கேதான் நம் மருதை சறுக்கியது.

பலாச்சுளை, தேனில் ஊறிய வாழைப்பழம், அல்லிக்கிழங்குக் கூழ். ஊசிமலைக்காரர்கள் இப்படி ஒரு விருந்தைக் கண்டதில்லை. போதும் போதும் என்று கையால் இலையை மறைத்தார்கள். இன்னும் கொஞ்சம், எங்கள் மனசு நோகும் என்று மருதை விடாமல் பரிமாறியது. உபசரிப்பிலும் உடும்புப் பிடிதான். ஊசிமலைத் தலைவன் வெண்முதுகன் என்ற பெரிய வரையாடு. அது சாப்பிட்டுவிட்டுக் கண்கலங்கி எழுந்தது. எதிரணிக்கு இப்படி அள்ளிப் போடுகிறார்களே, இவர்கள் எவ்வளவு நல்லவர்கள் என்று தன் ஆட்களிடம் சொன்னது. மருதை தரையைப் பார்த்துக்கொண்டு நின்றது.

மதியம் ஆட்டம் தொடங்கியது. கடலோரச் சதுப்பிலிருந்து வந்த நாரைதான் நடுவர். அது விசில் ஊதியபோது கருமந்திகளில் ஒன்று கொட்டாவி விட்டது. வரையாடுகள் ஓட ஆரம்பித்து, பாதியில் நின்று, ஏப்பம் விட்டன. நாணல் குளம் நான்கு கோல் போட்டது. ஊசிமலை ஒன்றுகூடப் போடவில்லை. அப்போதும் வெண்முதுகன் யாரையும் குறை சொல்லவில்லை. எங்கள் கால் சரியில்லை, அவ்வளவுதான் என்றது. போகும்போது மருதையின் கையைப் பிடித்துக்கொண்டு, மலைக்கு வாருங்கள், எங்களால் முடிந்ததைச் செய்கிறோம் என்று சொல்லிவிட்டுப் போனது.

பத்து நாள் கழித்து நாணல் குளத்து அணி மலை ஏறியது. நான்கு கோல் கையில் இருந்ததால் நடையில் மிடுக்கு. இரண்டு நாள் வழிக்கு என்று இலையில் மடித்துச் சாப்பாடு கட்டியிருந்தார்கள். ஆனால் மேடு ஏற ஏறப் பசி கூடும் என்பது குளத்துக்காரர்களுக்கு எங்கே தெரியும்? முதல் நாள் சாயங்காலமே மூட்டை காலி. மறுநாள் முழுக்கத் தண்ணீரைக் குடித்துக்கொண்டு நடந்தார்கள். மூன்றாம் நாள் காலையில் ஊசிமலை போய்ச் சேர்ந்தபோது முள்ளம்பன்றிக்கு முள்ளே கனத்தது.

மலை உச்சியில் வரிசையாக இலை போட்டிருந்தார்கள். பெரிய பெரிய பானைகளில் சாமைப் பொங்கல் ஆவி பறந்தது. மலைவாழை, காட்டுநெல்லி, கொம்புத்தேன். குளிர்காலத்துக்கு என்று எடுத்துவைத்திருந்ததையெல்லாம் வெளியே எடுத்துவிட்டார்கள் என்று பார்த்தாலே தெரிந்தது. மருதையின் நாக்கு தானாக வெளியே வந்தது.

செவலை அதன் காதில் கிசுகிசுத்தது. "தொடாதே. இவ்வளவு சாப்பாடு எதுக்குன்னு யோசி."

"அவங்க அப்படிப்பட்டவங்க இல்லைண்ணே" என்றது மருதை.

"நம்மளையும் அவங்க நல்லவங்கன்னுதானே நினைச்சாங்க?"

பதினொரு பேரும் கையைக் கட்டிக்கொண்டு நின்றார்கள். வெண்முதுகன் ஓடி வந்தது. உட்காருங்கள், ஆறிவிடப் போகிறது என்று கெஞ்சியது. என்ன சொல்வதென்று தெரியாமல் செவலை வாயில் வந்ததைச் சொன்னது.

"இன்னிக்கு எங்களுக்கு விரதம்ண்ணே."

"பதினொரு பேருக்குமா?"

"பதினொரு பேருக்கும்."

சரியாக அந்த நேரம் பார்த்து முள்ளம்பன்றியின் வயிறு உறுமியது. வெண்முதுகனின் முகம் சுண்டிப்போனது. ஆனால் அது சந்தேகப்படவில்லை. சற்று யோசித்துவிட்டுத் தன் ஆட்களைக் கூப்பிட்டது. விருந்தாளிகள் பட்டினி கிடக்கும்போது நாம் சாப்பிட்டால் அது அழகில்லை, நாமும் இருப்போம் என்றது. குட்டிகளைத் தவிர மலையில் யாரும் அன்று வாயில் ஒன்றும் போடவில்லை. பானைகளை இலையால் மூடி அடுப்பின் மேலேயே வைத்தார்கள்.

ஆட்டம் தொடங்கியது. ஊசிமலைக்காரர்கள் ஒரு வேளைதான் பட்டினி. வயிறு லேசாக இருந்ததில் பாறைக்குப் பாறை பறந்தார்கள். குளத்துக்காரர்களோ ஒன்றரை நாள் பட்டினி. நீர்நாய்கள் பந்தைத் துரத்திப் போய்ப் பாதியில் உட்கார்ந்தன. தவளைகளுக்குத் தாவக் கால் எழும்பவில்லை. இடைவேளைக்குள் ஊசிமலை மூன்று கோல் போட்டுவிட்டது. கூட்டிப் பார்த்தால் நாணல் குளம் நான்கு, ஊசிமலை மூன்று.

இடைவேளையில் மருதை ஒன்றைக் கவனித்தது. ஒரு கருமந்தி, பானையின் இலையை விலக்கித் தன் குட்டிக்குப் பொங்கலை ஊட்டிக்கொண்டிருந்தது. கொஞ்சம் ஊட்டியதும் குட்டியின் வயிற்றைத் தடவிப் பார்த்து, போதும், ஓடி விளையாடு என்று இறக்கிவிட்டது. குட்டி துள்ளிக்கொண்டு ஓடியது. யாரும் அதற்கு இரண்டாம் முறை திணிக்கவில்லை.

மருதை செவலையிடம் ஓடியது. "அண்ணே, அதுல ஒரு சூதும் இல்லை. வாங்க, ஆளுக்கு ரெண்டு வாய் சாப்பிடுவோம்" என்றது.

செவலையும் அந்தக் குட்டியைத்தான் பார்த்துக்கொண்டிருந்தது. "இப்ப சாப்பிட்டா விரதம்னு சொன்னது பொய்யின்னு தெரிஞ்சிடும். எந்த முகத்தோட கை நனைக்கிறது?" என்றது. சற்றுமுன் பயத்தில் சாப்பிடவில்லை. இப்போது வெட்கத்தில் சாப்பிடவில்லை. எப்படியோ, வயிறு காய்ந்ததுதான் மிச்சம்.

இரண்டாம் பாதியில் மருதை பல்லைக் கடித்துக்கொண்டு ஆடியது. ஐந்து பந்துகளைப் பிடித்தது. ஆறாவது உள்ளே போய்விட்டது. நான்குக்கு நான்கு. இப்படியே முடிந்தால் பொது இடத்தில் மூன்றாவதாக ஓர் ஆட்டம் உண்டு. அதற்குள் சாப்பிட்டுவிடலாம். இன்னும் கொஞ்ச நேரம் தாக்குப்பிடித்தால் போதும் என்று மருதை தன்னையே தேற்றிக்கொண்டது.

கடைசி நிமிஷத்தில் வெண்முதுகன் ஒரு பந்து அடித்தது. வேகமான பந்துகூட இல்லை. மற்ற நாளாக இருந்தால் மருதை ஒற்றைக் கையால் பிடித்திருக்கும். இப்போதும் பந்து நேராகக் கைக்குத்தான் வந்தது. விரல்களை மடக்கப் பார்த்தது. விரலில் தெம்பு இல்லை. பந்து நழுவி, கோட்டைத் தாண்டி, அவசரமே இல்லாமல் உருண்டு போனது. நாரை விசில் ஊதியது.

ஊசிமலை ஐந்து, நாணல் குளம் நான்கு. இறுதி ஆட்டத்துக்குப் போவது ஊசிமலை. மலையே கொண்டாடியது, ஆனால் கத்தத் தெம்பில்லாததால் கொஞ்சம் மெதுவாகக் கொண்டாடியது. மருதை கோலுக்குள் குப்புறப் படுத்துக்கொண்டு அழுதது.

வெண்முதுகன் தன் கூட்டத்தை விட்டுவிட்டு முதலில் அங்கேதான் வந்தது.

"உங்க விரதம் எப்போ முடியும், மருதை? பானை இன்னும் அடுப்பு மேலதான் இருக்கு" என்றது.

அதற்குமேல் மருதையால் தாங்க முடியவில்லை. "விரதமே இல்லைண்ணே" என்றது. குளத்தில் ஏன் அப்படி அள்ளிப் போட்டார்கள், இலையை மறைத்த பிறகும் தான் ஏன் விடாமல் பரிமாறியது, இங்கே ஏன் தொடவில்லை என்று ஒன்றுவிடாமல் சொல்லிவிட்டது. சுற்றி நின்ற வரையாடுகளில் ஒன்று குளம்பால் தரையை உதைத்தது. வெண்முதுகன் செவலையின் பக்கம் திரும்பியது.

"எங்க பானையில என்ன இருக்கும்னு நினைச்சே, தம்பி?"

செவலை தலையைத் தூக்காமலே, "நான் உங்களுக்கு வெச்சதுதான் இருக்கும்னு நினைச்சேன்" என்றது.

வெண்முதுகனுக்கு வலிக்கத்தான் செய்தது. அது அதை மறைக்கவும் இல்லை. பிறகு மெதுவாகச் சொன்னது: "இதை எங்க குட்டிங்ககிட்ட மட்டும் சொல்லிடாதீங்க. உங்க ஊர்ப் பலாச்சுளையைப் பத்திச் சொல்லித்தான் பத்து நாளா அதுங்களைத் தூங்க வைக்கிறோம். எங்களுக்கு அவ்வளவு பிரியமாப் போட்டாங்கன்னு சொல்லியிருக்கோம்."

அதைக் கேட்டதும் செவலை அழுதுவிட்டது. தோற்றபோதுகூட அது அழவில்லை.

வெண்முதுகன் பானையின் இலையை எடுத்தது. எல்லோரும் உட்கார்ந்தார்கள். பொங்கல் அடிபிடித்திருந்தது. அப்படியும் மருதை மூன்று இலைச் சாப்பாடு சாப்பிட்டது. போதும் என்று அது இலையை மறைத்ததும் கருமந்தி அகப்பையை எடுத்துக்கொண்டு அடுத்த இலைக்குப் போய்விட்டது.

பிறருக்குச் சூதைப் பரிமாறுகிறவர், தமக்கு மற்றவர் அன்பைப் பரிமாறும்போது அதை அடையாளம் தெரியாமல் பட்டினி கிடப்பார்.