நிக்காத இன்ஜின்

"டீச்சர், டூ ஸ்ட்ரோக்கா, ஃபோர் ஸ்ட்ரோக்கா? ஒரே வார்த்தையில சொல்லுங்க."

தொபியாஸ் வாசலில் நின்றபடியே கேட்டார்.

ஜெசிந்தா டீச்சர் தலையைத் தூக்கவில்லை. கார்புரேட்டரைப் பிரித்து மண்ணெண்ணெயில் கழுவிக்கொண்டிருந்தார்.

ஐ.டி.ஐ.யில் ஒன்பது வருஷம் மோட்டார் பாடம் நடத்திவிட்டு, சிலுவைத்துறையில் மீன் ஏலக்கூடத்துக்குப் பக்கத்தில் படகு இன்ஜின் பட்டறை போட்டவர். கரையில் பாதிப் பேர் அவரிடம் படித்தவர்கள். மீதிப் பேர் படித்தவர்களின் அப்பாக்கள். அதனால் அவரைவிடப் பதினெட்டு வயது மூத்த தொபியாஸுக்கும் அவர் டீச்சர்தான்.

"உக்காருங்கண்ணே."

"உக்கார நேரமில்ல. இன்ஜின் ஏசண்டு வண்டி அஞ்சு மணிக்கு வருது. ரெண்டையும் ஏத்திட்டு வாரான். ஒண்ணை இறக்கணும்."

"இறக்குங்க."

"எதை?"

டீச்சர் பெட்ரோல் பாயும் ஒரு சின்ன ஜெட்டை எடுத்து வெளிச்சத்தில் பிடித்து, அதன் துளையில் கண்ணை வைத்துப் பார்த்தார்.

"யார்கிட்டல்லாம் கேட்டீய?"

"எல்லார்கிட்டயும் கேட்டாச்சு. பங்குச்சாமி ஃபோர் ஸ்ட்ரோக்குங்காரு, அவருக்குப் புகை ஆகாது. சங்கத்துத் தலைவரு டூ ஸ்ட்ரோக்குங்காரு, கரையில வச்சே கழத்தி மாட்டிக்கலாமாம். ஏசண்டு, பெட்ரோல் கம்மியாக் குடிக்கும், ஃபோர்தான்னு அடிச்சுச் சொல்லுதான். என் மச்சான், அதுல கோளாறு வந்தா நம்ம கையில நிக்காது, டூதான்ங்கான். நாலு நாளா எனக்குக் கண்ணு மூடல டீச்சர்."

"உங்களுக்கு என்ன வேணும்?"

"நிக்காத இன்ஜின் வேணும்."

அப்போதுதான் டீச்சர் நிமிர்ந்து பார்த்தார்.

அந்தச் சொல்லுக்கு என்ன அர்த்தம் என்று கரையில் எல்லோருக்கும் தெரியும்.

தொபியாஸும் இன்னாசியும் இருபத்தாறு வருஷம் ஒரே படகில் போனவர்கள். ஆடிக் காற்றில் ஒரு நாள், கரை கண்ணுக்குத் தெரியும் தூரத்தில், ஆமைப்பாறைக்குப் பக்கத்தில் ஓர் அலை படகைப் பக்கவாட்டில் அடித்தது. இன்ஜின் நின்றது. தொபியாஸ் அதைக் கிளப்பும் கயிற்றை இழுத்தார். இழுத்துக்கொண்டே இருந்தார். இன்ஜின் எடுக்கவில்லை. படகு பாறைக்குப் போயிற்று.

படகுக்கும் பாறைக்கும் நடுவில் இன்னாசியின் வலது கால் மாட்டியது. ஆஸ்பத்திரியில் கணுக்காலுக்கு மேலே எடுத்துவிட்டார்கள்.

அது நடந்து இரண்டு மாதம். தொபியாஸ் இன்னாசியின் வீட்டுப் பக்கம் போகவில்லை. யார் கேட்டாலும் ஒரே பதில் வைத்திருந்தார்.

"புது இன்ஜினை மாட்டிட்டுத்தான் அவன் மூஞ்சில முழிப்பேன்."

பழைய இன்ஜினை நாலு பேர் தூக்கிக்கொண்டு வந்து இந்தப் பட்டறையில் போட்டார்கள். அன்றைக்கும் தொபியாஸ் வரவில்லை. "உடைச்சு இரும்புக்குப் போடச் சொல்லுங்க" என்று ஆள்விட்டுச் சொன்னதோடு சரி.

"உள்ள வாங்கண்ணே" என்றார் டீச்சர்.

பட்டறையின் பின்பக்கம் ஒரு தண்ணீர் டிரம். அதன் விளிம்பில் ஓர் இன்ஜின் பொருத்தியிருந்தது.

தொபியாஸ் இரண்டு எட்டு வைத்தவர் அப்படியே நின்றுவிட்டார்.

அவருடைய இன்ஜின்.

மூடியில் பாறை உரசிய கோடு வெள்ளையாகத் தெரிந்தது.

"இதை எதுக்கு வச்சிருக்கிய?"

"இழுங்க."

"டீச்சர், இது செத்த இன்ஜின்."

"இழுங்கண்ணே."

"நான் அதைத் தொடமாட்டேன்."

டீச்சர் பழைய துணியால் கையைத் துடைத்தார். ஒவ்வொரு விரலாகத் துடைத்தார். ஏலக்கூடத்தில் யாரோ விலை கூவும் சத்தம் கேட்டது. அதுவும் ஓய்ந்தது.

தொபியாஸ் சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டு இன்ஜின் முன்னால் போய் நின்றார்.

"பெட்ரோல் புதுசு. ஆயில் கலந்துதான் ஊத்தியிருக்கேன். வேற எதையும் நான் தொடல" என்றார் டீச்சர்.

தொபியாஸ் கயிற்றைப் பிடித்து இழுத்தார்.

விர்ரென்று சுற்றி அடங்கியது.

மறுபடி இழுத்தார். மறுபடி.

"பாத்தியளா? இப்படித்தான். அன்னிக்கும் இப்படியேதான்."

"இழுங்க."

ஆறு. ஏழு. எட்டு.

சோக்கை இழுத்துவிட்டுப் பார்த்தார். தள்ளிவிட்டுப் பார்த்தார். பெட்ரோல் பம்பை அமுக்கினார். முகத்தில் வேர்வை ஓடியது. பத்தாவது இழுப்பில் அவர் வாயிலிருந்து ஒரு வார்த்தை வந்தது. பெண்கள் முன்னால் அவர் சொல்லாத வார்த்தை. அது டீச்சரைப் பார்த்துச் சொன்னது இல்லை. தொபியாஸ் இப்போது பட்டறையில் இல்லை, ஆமைப்பாறைக்குப் பக்கத்தில் இருந்தார்.

பதினைந்து. பதினாறு.

"எடு... எடுலே... எடு..."

கைப்பிடி நழுவி உள்ளங்கைத் தோலை உரித்துக்கொண்டு போயிற்று. அவர் அதைப் பார்க்கக்கூட இல்லை. மறுபடி பிடித்தார்.

டீச்சர் சுவர்ப் பக்கம் போனார். ஆணியில் உதிரிச் சாமான்களோடு தொங்கிய ஒரு பொருளை எடுத்து வந்து தொபியாஸின் கண்ணுக்கு நேராக நீட்டினார்.

சிவப்பு நிறச் சுருள் கயிறு. அதன் முனையில் நகத்தளவு ஒரு கிளிப்.

எல்லா இன்ஜினிலும் இருப்பதுதான். கயிற்றின் ஒரு முனையை ஓட்டுகிறவர் மணிக்கட்டில் மாட்டிக்கொள்ள வேண்டும். கிளிப் இன்ஜினில் இருக்கும். ஆள் கடலில் விழுந்தால் கிளிப் பிடுங்கிக்கொண்டு இன்ஜின் தானாக நின்றுவிடும். கிளிப் இல்லாத இன்ஜினை நாள் முழுக்க இழுத்தாலும் எடுக்காது. கரையில் யாரும் அதைக் கையில் மாட்டுவதில்லை. இன்ஜினிலேயே தொங்கவிட்டுவிடுவார்கள்.

தொபியாஸ் அந்தக் கிளிப்பைப் பார்த்தார். பிறகு இன்ஜினைப் பார்த்தார்.

கிளிப் இருக்க வேண்டிய இடம் காலியாக இருந்தது.

அவர் வாங்கவில்லை. டீச்சரும் கையை இறக்கவில்லை.

கடைசியில் தொபியாஸ்தான் வாங்கினார். கிளிப் இடத்தில் உட்காரவில்லை. மூன்றாம் முறை டக்கென்று உட்கார்ந்தது.

கயிற்றை இழுத்தார்.

இழுத்தார்.

இன்ஜின் எடுத்தது.

பட்டறை முழுக்க நீலப் புகை. டிரம்மில் தண்ணீர் கொதிப்பது மாதிரிக் குமுறியது. எந்தக் கோளாறும் இல்லாத சத்தம். இருபத்தாறு வருஷ அனுபவமுள்ள காது அதைத் தப்பாகக் கேட்காது.

தொபியாஸ் தரையில் உட்கார்ந்துவிட்டார்.

டீச்சர் கிளிப்பைப் பிடுங்கினார். சத்தம் நின்றது.

"அலை அடிச்சப்போ தெறிச்சிருக்கு" என்றார் தொபியாஸ். யாரிடமும் இல்லை. "ஒரு கிளிப்பு."

அண்ணாந்து பார்த்துக் கேட்டார்.

"ஃபோர் ஸ்ட்ரோக்குல இது உண்டா டீச்சர்?"

"உண்டு."

தொபியாஸ் உரிந்த உள்ளங்கையை வேட்டியில் அழுத்திக்கொண்டார்.

"நீங்க கயிறு இழுக்கும்போது இன்னாசி அண்ணன் எங்க இருந்தாரு?" டீச்சர் கேட்டார்.

"எனக்குப் பின்னால."

"என்ன சொன்னாரு?"

தொபியாஸ் வாயைத் திறந்தார். இருபத்தாறு வருஷம் கேட்ட குரல். அந்த நாளில் மட்டும் அது எங்கேயும் இல்லை. அலையின் சத்தம் ஞாபகம் இருந்தது. தன் மூச்சு ஞாபகம் இருந்தது.

"ஞாபகம் இல்ல டீச்சர்."

டீச்சர் மறுபடி கார்புரேட்டர் முன்னால் போய் உட்கார்ந்தார்.

"அப்போ என்கிட்ட எதுக்கு வந்தீய?"

இன்னாசியின் வீடு கோவில் தெருவில் கடைசி வீடு. பட்டறையிலிருந்து பத்து நிமிஷ நடை. தொபியாஸுக்கு அரை மணிக்கு மேல் ஆயிற்று.

இன்னாசி கட்டிலில் உட்கார்ந்து வலை கோத்துக்கொண்டிருந்தார். வலது கால் தலையணைமேல் இருந்தது. கால் முடிகிற இடத்தில் வெள்ளைத் துணி சுற்றியிருந்தது.

தொபியாஸ் நிலைப்படியைத் தாண்டவில்லை.

இன்னாசியின் மனைவி தெரசம்மா அடுக்களையிலிருந்து எட்டிப் பார்த்தார். வாங்க என்று சொல்லவில்லை. உள்ளே போய்விட்டார்.

"இன்ஜின்ல கோளாறு இல்ல" என்றார் தொபியாஸ்.

இன்னாசி ஊசியை நிறுத்தவில்லை.

"கிளிப்பு தெறிச்சிருக்கு. நான் பாக்கல. வெறும் இன்ஜினை இழுத்துக்கிட்டே இருந்திருக்கேன். இப்பத்தான் டீச்சர் காட்டிச்சு. இன்னாசி, உன் காலு..."

"தெரியும்."

"என்ன தெரியும்?"

"கிளிப்பு."

தொபியாஸுக்குப் புரியவில்லை.

"படகுக்குள்ளதான் விழுந்துச்சு. என் முட்டிக்குக் கீழ. எடுத்து உன்கிட்ட நீட்டுனேன்." இன்னாசியின் குரலில் ஏற்றமும் இல்லை, இறக்கமும் இல்லை. "லேய், கிளிப்புலேன்னு மூணு தடவை கத்துனேன். வாயை மூடிட்டுத் துடுப்பைப் போடுன்னு நீ சொன்னே. நானே மாட்டிருவோம்னு உன்னைத் தாண்டி வந்தேன். முழங்கையால தள்ளுன."

"நானா?"

"அப்போ பாறை வந்துட்டு. காலைக் குடுத்துப் படகைத் தள்ளிப் பாத்தேன்."

தொபியாஸ் நிலையைப் பிடித்துக்கொண்டார்.

"ஆஸ்பத்திரிக்குப் போறவரைக்கும் அது என் கையிலதான் இருந்துச்சு. நர்சம்மா விரலைப் பிரிச்சு எடுத்தாங்க."

அடுக்களையில் பாத்திரச் சத்தம் நின்றுபோயிருந்தது.

"ஏன்டே இத்தனை நாளா சொல்லல? ஊரு பூரா இன்ஜின் சதி பண்ணிட்டுன்னு சொல்லிக்கிட்டுத் திரிஞ்சேனே. ஒருத்தர்கிட்டயாவது சொல்லிவிட்டிருக்கலாமே."

இன்னாசி முதல் தடவையாகத் தலையைத் தூக்கினார்.

"ஊருகிட்ட எதுக்குச் சொல்ல? நீ வருவன்னு இருந்தேன்."

தொபியாஸ் அழவில்லை. அழுதிருந்தால் அவருக்கு லேசாக இருந்திருக்கும். உள்ளே வந்து கட்டிலுக்குக் கீழே சிமெண்டுத் தரையில் உட்கார்ந்தார். வலையின் மறுமுனை அங்கே கிடந்தது. அதைத் தொட்டார். பிறகு கையை எடுத்துக்கொண்டார்.

ஐந்து மணி ஆயிற்று.

சட்டைப்பையில் போன் அடித்தது. ஏசண்டு. அடித்து ஓய்ந்தது. மறுபடி அடித்தது.

"எடு" என்றார் இன்னாசி.

"அண்ணாச்சி, வண்டி கடற்கரையில நிக்குது. எதை இறக்க?" போனில் அவன் போட்ட சத்தம் அடுக்களைவரை கேட்டது.

தொபியாஸ் போனைக் காதிலிருந்து எடுத்தார்.

"இன்னாசி, எது வாங்கலாம்?"

"என்கிட்டயா கேக்க?"

"உன்கிட்டதான்."

"டீச்சர் என்ன சொல்லிச்சு?"

"ஒண்ணும் சொல்லல."

இன்னாசி ஜன்னல் பக்கம் பார்த்தார். தலையணைமேல் கிடந்த காலைப் பார்த்தார். அடுக்களை வாசலில் தெரசம்மா வந்து நின்றிருந்தார். வேண்டாம் என்பதுபோல அவர் தலை அசைந்தது. இன்னாசி அதையும் பார்த்தார்.

"அண்ணாச்சி? லைன்ல இருக்கியளா? எதை இறக்க?"

தொபியாஸ் போனை மூடிப் பிடித்துக்கொண்டு இன்னாசியின் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"டூ ஸ்ட்ரோக்" என்றார் இன்னாசி.

"ஏன்?"

"மத்தது பத்து கிலோ கூட. நாம படகுல தூக்கி மாட்டயில, ஒத்தக் காலை வச்சுக்கிட்டு என்னால ஒரு பக்கம் பிடிக்க முடியாது."