துணைக்காலின் குதிகால்

"டீச்சர், என் எழுத்து ஏன் விழுது?"

"நிக்கலண்ணே. அதான் விழுது."

"சாயச் சொன்னதே நீங்கதான்."

"சாயத்தான் சொன்னேன்."

கேட்டவர் ஆரோக்கியதாஸ், ஓய்வுபெற்ற லைன்மேன், வயது ஐம்பத்தெட்டு. பதில் சொன்னவர் மெகருன்னிசா. திருச்சி பாலக்கரையில் ஒரு மாடியறையில் அச்செழுத்து வரைபவர், வயது முப்பத்தொன்று. இளையவர் மூத்தவருக்குச் சொல்லிக்கொடுக்கும் இந்த வரிசை உபதேசத்தில் வழக்கமில்லை. எழுத்துக்கு அது தெரியாது.

மின்வாரிய ஊழியர் சங்கம் புதிய லைன்மேன்களுக்கு ஒரு கைப்புத்தகம் போடுகிறது. பழைய புத்தகத்திலும் அந்த வரி இருந்தது, முப்பத்தொன்றாம் பக்கத்தில், வரியோடு வரியாக:

எர்த் போடாத கம்பியைத் தொடாதே.

ஆரோக்கியதாஸின் கூட்டாளி முத்துக்கருப்பனைப் பிணமாகக் கம்பத்திலிருந்து இறக்கியபோது அந்தப் புத்தகம் அவன் சட்டைப்பையில் இருந்தது.

"அவன் படிச்சவன் டீச்சர். படிச்சான். ஆனா அது கண்ணுல படல."

அதனால் நான்கு மாதமாக இந்த மாடிப்படி ஏறுகிறார். நான்கு சொல்லுக்கு மட்டும் எழுத்து வேண்டும். தடித்த எழுத்து, முன்னால் சாய்ந்த எழுத்து, கால்முனையில் சிறு பாதம் வைத்த எழுத்து.

கணினியில் ஒரு பொத்தானை அழுத்தினால் எந்த எழுத்தும் சாயும் என்பது உலகத்தின் நம்பிக்கை. ஆரோக்கியதாஸும் முதல் நாள் அழுத்தினார்.

மெகருன்னிசா அந்தத் தாளைச் சுவரில் ஒட்டினார். அதற்குக் கீழே உள்ளங்கையை ஏந்திக்கொண்டு நின்றார்.

"என்ன பண்றீங்க?"

"விழுந்தாப் பிடிக்கணும்ல?"

பிறகு ஆரோக்கியதாஸ் கையால் வரைந்தார். நாற்பத்தொரு முறை. நாற்பத்தொரு முறையும் அந்த உள்ளங்கை நீண்டது.

இன்று மாலை பக்கம் அச்சகத்துக்குப் போக வேண்டும்.

இதற்கிடையில் அவர் இன்னொரு வேலையும் செய்திருந்தார். அந்தப் பக்கத்தின் இருபத்தாறு வரிகளையும் தடிக்கவைத்துச் சாய்த்துவிட்டார்.

"எல்லாமேவா அண்ணே?"

"எல்லாமே உசுரு போற விஷயம்தான்."

மெகருன்னிசா பக்கத்தைச் சுருட்டினார். "புத்தகத்துக்கு அட்டைக் கட்டு போகணும். ஆட்டோ வரல. கீழே பழக்கடைத் தள்ளுவண்டி இருக்கு. தள்ளுங்க."

"எழுத்தப் பத்திக் கேட்டா மூட்டை தள்ளச் சொல்றீங்க!"

"நாலு மாசம் வாயால சொல்லிப் பாத்தாச்சு."

அச்சகம் ரயில் மேம்பாலத்துக்கு அப்பால். அவர் தள்ளினார். ஆசிரியை பக்கத்தில் நடந்தார், பேசிக்கொண்டே. தண்ணீர் மோட்டார் ரிப்பேர். மாமி மகள் நிக்காஹ்வில் பிரியாணி பத்தவில்லை. செருப்பு கடிக்கிறது. எல்லாம் ஒரே குரலில், ஒரே சீராக.

"ம்" என்றார் ஆரோக்கியதாஸ். "ம்."

"நில்லுங்க!"

நின்றார். வண்டியின் முன்சக்கரத்துக்கு ஒரு முழம் தள்ளி ஒரு பஸ் போனது.

மெகருன்னிசா கேட்டார்: "அதுக்கு முன்னாடி என்ன சொன்னேன்?"

"மோட்டாரு..."

"மோட்டாரு பாலக்கரையிலேயே முடிஞ்சுது."

ஆரோக்கியதாஸ் போன பஸ்ஸைத் திரும்பிப் பார்த்தார்.

"டீச்சர், மத்த இருபத்தஞ்சு வரியும் சும்மா நேரா நிக்கட்டும்."

"ம்" என்றார் மெகருன்னிசா.

மேட்டில் நின்றுவிட்ட வண்டி மறுபடி நகர மறுத்தது. அவர் தோளைக் கொடுத்துச் சாய்ந்தார். நகரவில்லை. இன்னும் சாய்ந்தார்.

"விழப் போறீங்கண்ணே."

"விழமாட்டேன்."

"எப்படித் தெரியும்?"

திட்ட வாயெடுத்தவர் குனிந்து பார்த்தார்.

வலது குதிகால் தரையில் இல்லை. செருப்பு வேறு, குதிகால் வேறாகத் தொங்கியது. பெருவிரல் மட்டும் செருப்போடு தார் ரோட்டைக் கவ்விக்கொண்டிருந்தது.

அவர் வரைந்த துணைக்கால்கள் நாற்பத்தொரு முறையும் இரண்டு பாதத்தையும் பரப்பி வைத்து, ரேஷன் கடை வரிசையில் நிற்பதுபோல் நின்றன. உடம்பு மட்டும் சாய்ந்திருந்தது.

"பென்சில்! டீச்சர், பென்சில் குடுங்க!"

"கைய விட்டா வண்டி பாலக்கரைக்கே போயிடும்."

"நீங்க பிடிங்க!"

"நான் நாப்பத்தெட்டு கிலோ."

அவர் தள்ளினார். சாதாரணமாகத் தள்ளவில்லை. வாகனங்கள் ஹாரன் அடித்தன. அவர் குனிந்த தலை நிமிரவில்லை, தன் காலையே பார்த்துக்கொண்டு பாலத்தின் உச்சிவரை ஏற்றினார்.

அச்சகத்தில் அட்டைக் கட்டின் மேலேயே உட்கார்ந்தார். அழிப்பான் கேட்டார். அந்த வரியில் துணைக்கால் நான்கு முறை வருகிறது. நான்கு முறையும் குதிகாலை அழித்தார். முனையைக் கூராக்கித் தரையில் ஊன்றினார். பிறகு ர-வின் காலையும். மற்ற இருபத்தைந்து வரிகளின் மேல், அச்சகத்தில் நேராக எடுத்த வரிகளை ஒட்டினார்.

எழுந்து, தாளைச் சுவரோடு வைத்துப் பிடித்தார். உள்ளங்கை வருமென்று காத்திருந்தார்.

மெகருன்னிசா பையில் கைவிட்டு ஆரஞ்சு மிட்டாய் தேடிக்கொண்டிருந்தார்.

அச்சக உரிமையாளர் பூபதி டீ கிளாஸோடு வந்தார். "எங்க, தாங்க பக்கத்த" என்று கையை நீட்டினார்.

நீட்டிய கை பாதியில் நின்றது.

ஓரடி பின்னால் வைத்து, கூரையை அண்ணாந்து பார்த்தார்.

"எந்தக் கம்பி?"