பாய்க்கு இஸ்திரி போட்டவர்

தைக்கத் தெரிந்த ஒருவர் தையல் கற்றுக்கொள்ள வந்தது அந்தக் கடற்கரை ஊரில் ஒரே ஒரு முறைதான் நடந்தது.

வந்தவர் பெயர் தனிஸ்லாஸ். வயது ஐம்பத்தேழு. முப்பது வருஷம் கடைத்தெருவில் ஆண்களுக்குச் சட்டையும் கால்சட்டையும் தைத்துவிட்டு, கடையை மருமகன் கையில் கொடுத்தவர். ஊருக்கே அவர் மாஸ்டர்.

கோயிலுக்குப் பின்னால் இருந்த கூடத்தில் சனிக்கிழமைதோறும் பத்துப் பெண்கள் கூடி ஒட்டுத்துணிப் போர்வையும் பூவேலையும் தைப்பார்கள். சொல்லிக்கொடுப்பவர் அமலி. தனிஸ்லாஸைவிடப் பதினாறு வயது இளையவர். அவர் தைத்த போர்வை ஒன்று தனிஸ்லாஸின் பேத்திக்கு வந்தது. குழந்தை புரண்ட பக்கமெல்லாம் போர்வையும் கூடவே புரண்டு படிந்தது. தனிஸ்லாஸ் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். சூட்சுமம் பிடிபடவில்லை. அடுத்த சனிக்கிழமை கூடத்து வாசலில் செருப்பைக் கழற்றினார்.

அமலி அவரை மாஸ்டர் என்று கூப்பிட்டார். அவர் அமலியை டீச்சர் என்று கூப்பிட்டார். இப்படியே போனால் படிக்க வந்தது யார் என்று இரண்டு பேருக்கும் மறந்துவிடும் என்றாள் எஸ்கலின். கூடத்தில் அவள் ஒருத்திக்குத்தான் நாக்கிலும் ஊசி.

அங்கே ஒரு வழக்கம் உண்டு. தைத்து முடித்ததை உள்பக்கம் வெளியே தெரியும்படி கொடியில் போட வேண்டும். அமலி வந்து அதன்மேல் ஒரு தடவை கையை ஓட்டுவார். நல்லது என்றோ கெட்டது என்றோ சொல்லமாட்டார். அடுத்ததற்குப் போய்விடுவார். மற்றவர்களுக்கு அது பழகியிருந்தது. தனிஸ்லாஸுக்குப் பழகவில்லை. எட்டு மாதமாக அந்த வாயிலிருந்து ஒரு சொல் விழாதா என்று காத்திருந்தார். ஊரையே அளந்த மனிதருக்குத் தன் அளவு தெரியவில்லை.

திருவிழாவுக்கு மூன்று வாரம் இருந்தபோது படகுக்காரர் சவரி கூடத்துக்கு வந்தார். திருவிழா அன்று பாய்மரப் படகுப் போட்டி நடக்கும். சவரி ஓட்டும் தெற்குத் தெருப் படகு அதில் ஒன்பது வருஷமாகத் தோற்றுக்கொண்டிருந்தது. பழைய பாய் நைந்துபோயிற்று. அமலியின் தகப்பன் அந்தக் காலத்தில் பாய் தைத்தவர். மகளிடமும் அவள் கூட்டத்திடமும் கேட்டுப் பார்க்கலாம் என்று சவரிக்குத் தோன்றியிருந்தது.

அமலி வாயைத் திறப்பதற்குள் தனிஸ்லாஸ் எழுந்துவிட்டார்.

"நான் தைக்கிறேன்."

அமலி அவரை ஒரு கணம் பார்த்தார்.

"தைங்க" என்றார்.

தனிஸ்லாஸ் ஒன்பது நாள் தைத்தார். பெண்கள் துணியைப் பிடித்துக்கொடுத்தார்கள், அவ்வளவுதான். பதினான்கு துணிப் பட்டைகள், ஒவ்வொன்றுக்கும் இரட்டைத் தையல். நூல் பிடித்துப் பார்த்தால் ஒரு மயிரிழை விலகாது. முடித்த பிறகும் மனம் ஆறவில்லை. கரிப்பெட்டியைக் கொண்டுவரச் சொல்லி, பாய் முழுவதற்கும் இஸ்திரி போட்டார். மடித்து எடுத்துப் போனபோது கல்யாண வேட்டி போல் இருந்தது.

கடலில் ஏற்றியதும் பாய் பலகையாக நின்றது. காற்று வந்து மோதி, வழுக்கி, தன் வழியே போயிற்று. வலையை உதறிக்கொண்டே போன வடக்குத் தெருக்காரன் ஒருவன் சவரியின் படகை முந்திக்கொண்டு போனான். என்ன, நங்கூரத்தை எடுக்க மறந்துவிட்டீர்களா என்று கேட்டுவிட்டும் போனான்.

சாயங்காலத்துக்குள் தனிஸ்லாஸுக்குப் புதுப் பெயர் வந்துவிட்டது. பாய்க்கு இஸ்திரி போட்டவர்.

சவரி ஒரு வாரம் தவணை கொடுத்தார். அதற்குள் சரியாகாவிட்டால் பழைய பாயிலேயே ஒட்டுப் போட்டுக்கொள்வதாகச் சொன்னார். அதைச் சொல்லும்போது அவர் தனிஸ்லாஸின் முகத்தைப் பார்க்கவில்லை.

தனிஸ்லாஸ் பாயைக் கூடத்துக்குத் தூக்கி வந்து அமலியின் முன் விரித்தார்.

"எங்கயாவது கோணல் இருக்கா, டீச்சர்?"

"இல்ல."

"நூல் தளர்ந்திருக்கா?"

"இல்ல."

"அப்ப என்னதான் குத்தம்?"

அமலி மேஜையிலிருந்து ஒரு பிளேடை எடுத்து அவர் உள்ளங்கையில் வைத்தார்.

"பிரிங்க."

இரண்டு நாள் பிரித்தார். தைத்த கையே பிரித்தது. ஒவ்வொரு தையலாக விட்டுக்கொடுக்கும்போது ஒரு கேள்வியும் கூடவே வந்தது. இந்த நேர்த்தியெல்லாம் பாய்க்காகவா? அல்லது கொடியில் தொங்கும்போது ஒரு கை அதன்மேல் கொஞ்சம் கூடுதலாக நிற்க வேண்டும் என்பதற்காகவா? பதில் அவருக்குத் தெரிந்திருந்தது. அதனால் இன்னும் வேகமாகப் பிரித்தார்.

பக்கத்தில் உட்கார்ந்து பிரித்துக்கொண்டிருந்த எஸ்கலினுக்கு அவர் முகத்தைப் பார்க்கச் சகிக்கவில்லை. தான் தைத்து வைத்திருந்த ஒரு ஜாக்கெட்டை எடுத்து அவர் மடியில் போட்டாள்.

"ஆம்பளச் சட்டையே தச்ச கை. மார்புன்னு ஒண்ணு இருக்குறது உங்களுக்கு எப்படி மாஸ்டர் தெரியும்?"

பெண்கள் சிரித்தார்கள். தனிஸ்லாஸ் சிரிக்கவில்லை. ஜாக்கெட்டைத் திருப்பினார். முன்பக்கத்தில் துணியை ஓரத்தில் அகலமாகவும் உள்ளே போகப்போகக் குறுகலாகவும் பிடித்திருந்தாள். தட்டையான துணி அதனால்தான் குழிந்து இடம் கொடுத்தது. டார்ட் என்று அதற்குப் பெயர் என்பது தனிஸ்லாஸுக்குத் தெரியும். பெண்கள் துணி தைக்கிறவன் சமாச்சாரம் என்று முப்பது வருஷம் அதைத் தள்ளியே வைத்திருந்தார்.

நேரே அமலியிடம் போனார்.

"பட்டைய ஓரத்துல கூடப் பிடிச்சா நடுவுல வயிறு விழும். அப்படித்தானே?"

"ஆமா."

"எத்தன அங்குலம் பிடிக்கணும்?"

"படகுல ஏறுங்க."

"நீங்களும் வர்றீங்களா?"

"எனக்கு எதுக்கு? தைக்கிறது நீங்க."

கடற்கரையில் பிறந்தும் தனிஸ்லாஸ் அதுவரை படகில் ஏறியதில்லை. பட்டைகளைப் பிறகு பிரிக்கத் தோதாக அள்ளுத்தையலாக இணைத்துக்கொண்டு மறுநாள் காலை சவரியோடு போனார். அலைக்கு வெளியே போகுமுன் இரண்டு தடவை வாந்தி எடுத்தார். வெளியே குனிந்து எடுக்கும்படியும், பாய்க்கு அந்தச் சாயம் வேண்டாம் என்றும் சவரி கேட்டுக்கொண்டார்.

தனிஸ்லாஸ் கழுத்தில் கிடந்த டேப்பை எடுத்தார். எதை அளப்பது என்று தெரியவில்லை. திரும்பக் கழுத்திலேயே போட்டுக்கொண்டார். பிறகு கயிற்றைப் பிடித்து நின்று, மறு கையைப் பாயில் வைத்தார். ஓர் இடத்தில் காற்று கையைத் தள்ளியது. ஒரு முழம் தள்ளி, உள்ளே வர வழி தேடுவதுபோலத் துணி படபடத்தது. இன்னும் கொஞ்சம் மேலே ஒன்றுமே இல்லை, வெறும் துணி. கண்ணை மூடிக்கொண்டு தடவிப் பார்த்தார். தடவிய இடத்திலெல்லாம் சாக்பீஸால் கோடு போட்டார். ஒரு பட்டைக்குப் போட்ட கோடு அடுத்த பட்டைக்குப் பொருந்தவில்லை. பொருத்தவும் அவர் முயலவில்லை.

அடுத்த மூன்று நாளும் பத்துப் பெண்களும் தைத்தார்கள். தனிஸ்லாஸ் கோட்டைக் காட்டினார், தானும் ஒரு பட்டையோடு உட்கார்ந்தார். கரிப்பெட்டியை யாரும் கேட்கவில்லை.

மணலில் விரித்தபோது பார்க்கக் கொடுமையாக இருந்தது. ஓரமெல்லாம் சுருங்கி, நடுவில் உப்பி, எந்தப் பக்கம் இழுத்தாலும் படியாமல் கிடந்தது. வேடிக்கை பார்க்க வந்த வடக்குத் தெருக்காரர்கள், இது பாயா இல்லை மாசமான பெண்ணுக்குத் தைத்த நைட்டியா என்று கேட்டார்கள்.

அந்த ஊரில், பங்குச் சாமியார் மந்திரித்த பாயைப் போட்டிக்கு முன் கடலில் விரிக்கமாட்டார்கள். மந்திரிக்கக் கொண்டுபோகும் நாளும் அதுதான், ஓட்டிப் பார்க்க வழியில்லை. சவரி தனிஸ்லாஸைப் பார்த்தார். தனிஸ்லாஸ் அமலியைப் பார்த்தார். அமலி குனிந்து பாயின்மேல் ஒரு தடவை கையை ஓட்டினார். எழுந்து, புடவையில் ஒட்டிய மணலைத் தட்டிவிட்டுக் கூடத்துக்குப் போய்விட்டார்.

சவரி கொஞ்ச நேரம் தாடையைச் சொறிந்தார். கடைசியில் இதையே ஏற்றுவதாகச் சொன்னார். தோற்றால் கூடத்து வாசலில் பந்தல் போட அது உதவும் என்றார்.

போட்டிக்கு ஐந்து நாள் இருந்தது. ஒரு சமயம் தனிஸ்லாஸ் தன் கை அறிந்ததை நம்பினார். மறு சமயம், முப்பது வருஷ நேர்கோட்டை ஒரு வாந்திக்காலையில் தொலைத்துவிட்ட கிழவன் என்று தன்னையே வைதுகொண்டார்.

திருவிழா அன்று ஏழு படகுகள் நின்றன. வெடி போட்டதும் ஏழு பாயும் ஏறின. ஆறு பாய் ஏறியபடியே நின்றன. தெற்குத் தெருப் பாய் இரண்டு தடவை உதறியது. கரையில் யாரோ சிரித்தார்கள். தனிஸ்லாஸ் கண்ணை மூடிக்கொண்டார்.

மூன்றாவது உதறலில் காற்று உள்ளே புகுந்தது. சுருக்கம் எல்லாம் எங்கே போயிற்று என்று தெரியவில்லை. சங்கு ஊதுகிறவன் கன்னம்போல் பாய் முழுவதும் ஒரே வளைவாக நிமிர்ந்தது. படகு மூக்கைத் தூக்கிக்கொண்டு பாய்ந்தது. திருப்பத்துக் கம்பத்தை அது சுற்றி வரும்போது மற்றவர்கள் இன்னும் கம்பத்துக்குப் போய்ச் சேரவில்லை. கூடத்துப் பெண்கள் இடுப்பளவு தண்ணீரில் நின்றார்கள். கத்திக் கத்தி எஸ்கலினுக்குத் தொண்டை கட்டிவிட்டது. அப்போதும் வடக்குத் தெருக்காரர்களைப் பார்த்து, வயிற்றை அணைத்துப் பிடித்து நடந்து காட்டினாள்.

நாலு படகு நீளம் முந்தி வந்தது சவரியின் படகு. கோயில் மணி அடித்தது. இளவட்டங்கள் தனிஸ்லாஸைத் தூக்கித் தோளில் வைத்தார்கள். பாயை இறக்கிப் பொன்னாடையாக அவர்மேலேயே போர்த்தினார்கள். ஈரமும் உப்புமாக அது உடம்போடு படிந்தது. அவருக்கு அழுகை வந்தது. மறைக்கவில்லை.

கூட்டம் கோயிலுக்குள் போன பிறகு, படகின் மறைவில் அமலி தனியாக நிற்பதைப் பார்த்தார். அவர் முகமும் மலர்ந்துதான் இருந்தது. தனிஸ்லாஸ் பாயை இழுத்துக்கொண்டே அவரிடம் போனார்.

"டீச்சர்."

"சொல்லுங்க, மாஸ்டர்."

"மணல்ல விரிச்ச அன்னைக்கே சரின்னு ஒரு வார்த்த சொல்லியிருக்கலாம்ல? அஞ்சு நாள் செத்துப் பிழைச்சேன்."

அமலி பாயின் ஒரு முனையைக் கையில் எடுத்து ஈரத்தைப் பிழிந்தார்.

"நான் என்ன காத்தா, மாஸ்டர்?"