தண்ணீர் மணி

பூரணி டீச்சர் தலைமையாசிரியை கஸ்தூரியின் அறைக்குள் வந்தபோதே கண் கலங்கியிருந்தது. மூன்றாம் வகுப்பு மாரிக்கனிக்கு டி.சி. கேட்டு அவள் அம்மா காலையில் வந்துவிட்டுப் போயிருந்தாள். அந்தச் சேதி அதற்குள் பள்ளிக்கூடம் முழுக்கப் பரவிவிட்டது.

கஸ்தூரி வயதில் பூரணியைவிட இளையவள். பூரணியோ எம்.ஏ. ஆங்கில இலக்கியம், ஆசிரியர் பயிற்சி எல்லாம் முடித்து, வேலைக்குக் காத்துக் காத்து, காதோரம் நரைத்த பிறகு இங்கே வந்து சேர்ந்தவள். வந்த புதிதில் கஸ்தூரி பாடம் நடத்துவதை ஜன்னலோரம் நின்று பார்த்தாள். "இனிமே எனக்கு நீங்கதான் குரு" என்று எல்லார் முன்னாலும் கையெடுத்துக் கும்பிட்டாள். மற்ற டீச்சர்கள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். சிரித்தால் சிரிக்கட்டுமே, அவளுக்கு என்ன!

"நான் என்ன குறை வெச்சேன் மேடம்?" என்றாள் பூரணி. "அந்தப் புள்ளைய என் வயித்துல பொறந்ததா நெனச்சுத்தானே சொல்லிக் குடுத்தேன்?"

அதில் பொய் இல்லை. அவளைக் குறை சொன்னால் நாக்கு அழுகிப்போகும். பல்வலி வந்த புலியின் கதையை அவளே எழுதி, பிள்ளைகளை ஆங்கிலத்திலேயே நடிக்க வைத்தாள். தீப்பெட்டி ஆபீஸ் வேலையை விட்டுவிட்டுப் பார்க்க வந்த தாய்மார்கள் வாயைப் பிளந்து நின்றார்கள். அன்றைக்குப் புலியாக வந்தவள்தான் மாரிக்கனி.

"அவங்க அம்மா என்ன சொன்னாங்க மேடம்?"

"புள்ளைக்கு ஒத்துக்கலன்னாங்க."

"எது ஒத்துக்கல?"

கஸ்தூரி மேசைமேல் கிடந்த சாக்குக்கட்டியை எடுத்து டப்பாவில் போட்டாள். "ஒரு வாரமா புள்ள ஆஸ்பத்திரியில கிடக்கு, டீச்சர். நீர்க்கடுப்பு, அதுல காய்ச்சல். உங்க வகுப்புல யாராச்சும் நடுவுல வெளிய போகணும்னு கேப்பாங்களா?"

"கேக்கவே மாட்டாங்க!" அழுகைக்கு நடுவிலும் பூரணியின் குரலில் பெருமை எட்டிப் பார்த்தது. "அவ்வளவு ஈடுபாடு மேடம். மூணாவது வகுப்புன்னு சொன்னா நம்ப மாட்டாங்க."

"முன்னாடி கேட்டாங்களே?"

"அது 'மே ஐ கோ அவுட் மிஸ்'னு கிளிப்பிள்ள மாதிரி ஒப்பிக்கிறது. அத நான் நிறுத்திட்டேன். எங்க போகணும், எதுக்குப் போகணும், சொந்தமா முழு வாக்கியம் அமைச்சுக் கேக்கணும். தப்பா வந்தா நான் அடிக்கிறதில்ல, திட்டுறதும் இல்ல. 'ட்ரை அகெய்ன், கண்ணு'ன்னு எவ்வளவு நேரம் வேணாலும் காத்திருப்பேன்."

"எல்லார் முன்னாலயுமா?"

"பின்ன? மத்த பிள்ளைகளும் கத்துக்கணும்ல?"

கஸ்தூரி எழுந்தாள். "வாங்க, தண்ணி மணி அடிக்கிற நேரம் ஆச்சு."

வெயில் காலத்தில் பிள்ளைகள் மறக்காமல் தண்ணீர் குடிக்கட்டும் என்று அந்தப் பள்ளியில் பாடத்துக்கு நடுவே ஒரு மணி அடிப்பார்கள். அடித்தால் எல்லாரும் பாட்டிலைத் திறந்து குடிக்க வேண்டும்.

மூன்றாம் வகுப்பில் வெக்கை அனலாய்த் தகித்தது. மின்விசிறி பேருக்குச் சுற்றிக்கொண்டிருந்தது. மணி அடித்தது. பிள்ளைகள் ஒன்றுபோல பாட்டிலைத் தூக்கினார்கள், வாயில் வைத்தார்கள், இறக்கி மூடினார்கள். பூரணி குருவைத் திரும்பிப் பார்த்தாள். எவ்வளவு ஒழுங்கு, பார்த்தீர்களா என்பதுபோல.

கஸ்தூரி முதல் வரிசையில் இருந்த ஒரு பாட்டிலை எடுத்துப் பூரணியின் கையில் கொடுத்தாள். அது கழுத்துவரை நிறைந்திருந்தது. அடுத்ததைக் கொடுத்தாள். அதுவும் அப்படியே. பூரணி தானே குனிந்து ஒவ்வொன்றாக எடுத்துப் பார்க்க ஆரம்பித்தாள். கடைசி வரிசைவரை போனாள். காலையில் வீட்டில் பிடித்த தண்ணீர், ஒரு மிடறும் குறையாமல், ஒவ்வொரு பாட்டிலிலும் வெதுவெதுப்பாக இருந்தது.

கடைசி வரிசையில் உதடு காய்ந்துபோய் உட்கார்ந்திருந்த ஒரு சிறுமியிடம் கஸ்தூரி கேட்டாள்: "ஏன் தாயி குடிக்கல?"

சிறுமி பூரணியின் முகத்தைப் பார்த்தாள். பிறகு தலையைக் குனிந்துகொண்டு, "குடிச்சா வரும் மேடம்" என்றாள்.

"வந்தா போயிட்டு வா."

"இங்கிலீஷ்ல கேக்கணும். எனக்கு வராது. சிரிப்பாங்க."

பூரணி கையிலிருந்த பாட்டிலைப் பெஞ்சின்மேல் வைத்துவிட்டு, "போங்கம்மா, எல்லாரும் போயிட்டு வாங்க" என்றாள். "தமிழ்லயே கேளுங்க. கேக்கவே வேணாம். எழுந்து போங்கடா!"

ஒருவரும் எழுந்திருக்கவில்லை. டீச்சர் சோதிக்கிறாள் என்று நினைத்தார்களோ என்னவோ, கையைக் கட்டிக்கொண்டு இன்னும் நிமிர்ந்து உட்கார்ந்தார்கள். கஸ்தூரிதான் முதல் வரிசைச் சிறுவனின் கையைப் பிடித்து எழுப்பி வாசல்வரை கூட்டிக்கொண்டு போய் விட்டாள். அதற்குப் பிறகுதான் மற்றவர்கள் ஒவ்வொருவராக நகர்ந்தார்கள். வராந்தாவைத் தாண்டியதும் ஓடினார்கள்.

வகுப்பு காலியானது. பூரணி பெஞ்சில் அமர்ந்து முகத்தை மூடிக்கொண்டு அழுதாள்.

"பாவி நான்! நல்லா பேசணும்னுதானே மேடம் நெனச்சேன். ஒரு வாக்கியம், ஒரே ஒரு வாக்கியம் சொந்தமா சொல்லட்டும்னுதானே காத்துக்கிட்டு நின்னேன்? அதுகூடவா என்னால கத்துக்குடுக்க முடியல?"

வெளியே பிள்ளைகள் குழாயடியில் கூச்சல் போடுவது கேட்டது. அந்த வகுப்பிலிருந்து அப்படி ஒரு சத்தம் கேட்டு நாளாகியிருந்தது.

"மாரிக்கனி கத்துக்கிட்டா, டீச்சர்" என்றாள் கஸ்தூரி. "காய்ச்சல் மயக்கத்துல அவங்க அம்மாவப் பாத்து, 'மிஸ், ஐ வான்ட் டு கோ, இட் இஸ் பெயினிங்'னு திரும்பத் திரும்பச் சொல்லியிருக்கா. அந்தம்மா அத அப்படியே மனசுல ஏத்திக்கிட்டு வந்து, புள்ள என்ன கேட்டுச்சுன்னு எங்கிட்ட அர்த்தம் கேட்டாங்க. நான் சொல்லல. சாயங்காலம் டி.சி. வாங்க வருவாங்க, நீங்களே சொல்லுங்க."