கள்ளாட்டம்

நாகர்கோவிலில் வடசேரிச் சந்தைக்குப் பின்னால், ஒரு சைக்கிள் கடையின் மாடியில், பெனிட்டா என்ற ஆசிரியர், கணினியை இயக்கும் இலவச மென்பொருளான லினக்ஸைச் சொல்லிக்கொடுத்துவந்தார். விண்டோஸைக் கையால் தொடமாட்டார் என்று பெயர். ஒரு பெரிய மனிதர் வகுப்புக்குப் புதுக் கணினிகள் தருவதாகச் சொன்னார். உள்ளே இருக்கும் விண்டோஸை அழிக்கக் கூடாது என்றார். "அப்படீன்னா வேண்டாம் சார்" என்று சொல்லி, பழைய கணினிகளிலேயே பாடத்தைத் தொடர்ந்தவர் அவர்.

அவரிடம் படித்தவர்களில் தாணுலிங்கம்தான் வயதில் மூத்தவர். காப்பீட்டு முகவர். அவருடைய மகனுக்கும் ஆசிரியருக்கும் ஏறக்குறைய ஒரே வயது. அவர் ஆசிரியரை டீச்சர் என்பார். ஆசிரியர் அவரை அண்ணாச்சி என்பார்.

முதல் நாள் ஆசிரியர் கேட்டார். "எதுக்கு லினக்ஸ் படிக்கணும் அண்ணாச்சி?"

"எனக்க மகன்கூட விளையாடணும் டீச்சர்."

பக்கத்தில் இருந்த மாணவன் எட்வின் சிரித்துவிட்டான். ஆசிரியர் சிரிக்கவில்லை.

"மகன் எங்க இருக்காரு?"

"கனடாவில. நர்ஸு."

அதற்கு மேல் அன்று அவர் சொல்லவில்லை. பிறகு கொஞ்சம் கொஞ்சமாகச் சொன்னார்.

மகன் பெயர் விபின். அவன் கனடா போய் வேலையில் சேர்ந்த புதிதில், இங்கே அம்மாவுக்கு நோய் முற்றிவிட்டது. "அவனுக்கிட்ட சொல்லாதீங்கோ. எல்லாத்தையும் போட்டுட்டு வந்துருவான்" என்று சரோஜம் கணவனிடம் சத்தியம் வாங்கிக்கொண்டாள். மகன் கூப்பிடும்போதெல்லாம் தாணுலிங்கம் "அம்மா நல்லா இருக்கா மக்ளே, இப்பம்தான் தூங்குனா" என்றார். அம்மா கண்ணைத் திறக்காமல் கிடந்த நாளிலும் அதையே சொன்னார். விபின் வந்து சேர்ந்தபோது எல்லாம் முடிந்திருந்தது.

"ஊருல உள்ள அம்மாமாருக்கெல்லாம் நான் பல்ஸ் பாக்கேன். எனக்க அம்மைக்கு என்ன சீக்குன்னு எனக்கிட்ட கள்ளம் சொன்னீங்களே அப்பா."

அவ்வளவுதான் சொன்னான். காரியம் முடிந்ததும் விமானம் ஏறிவிட்டான். அதன்பின் போனில் "ம்", "சரி", "வைக்கட்டா" என்ற சொற்களைத் தவிர வேறு வரவில்லை.

மகன் ஒரு கணினி விளையாட்டு ஆடுகிறான் என்று அவனுடைய நண்பன் ஒருவன் சொன்னான். நாலு பேர் ஓர் அணியாக, இடிந்துபோன நகரம் ஒன்றுக்குள் நுழைந்து உயிரோடு வெளியே வரவேண்டும். யாராவது விழுந்தால் இன்னொருவர் ஓடிப்போய்க் கைகொடுத்துத் தூக்கவேண்டும். தாணுலிங்கம் அந்த விளையாட்டை வாங்கினார். "எனக்கும் சொல்லிக்குடு மக்ளே" என்று மகனுக்கு எழுதினார். வெகுநாள் கழித்துப் பதில் வந்தது. "ஞாயிற்றுக்கிழமை காலையில வாங்க."

விளையாட்டில் விபின் பேசினான். "அப்பா, குனிங்க." "அப்பா, இடப்பக்கம் ஆள் வாறான்." "அப்பா, எனக்கப் பொறத்தாலயே வாங்க." விபினோடு வேலைபார்க்கும் இரண்டு மலையாளிகளும் அந்த அணியில் இருந்தார்கள். அவர்களும் அங்கிள் அங்கிள் என்றார்கள். போனில் ஒருமுறைகூட வராத அப்பா என்ற சொல், அங்கே ஒரு மணி நேரத்தில் எத்தனையோ முறை வரும். தாணுலிங்கத்துக்கு வாரம் முழுவதும் அது போதும்.

ஆனால் அவருடைய கணினி அடிக்கடி வைரஸ் பிடித்துப் படுத்துவிடும். மகன் காத்திருந்து பார்த்துவிட்டுப் போய்விடுவான். லினக்ஸ் போட்டால் அந்தத் தொல்லை இல்லை என்று யாரோ சொன்னார்கள். அதனால்தான் மாடியேறி வந்தார்.

"இந்த விளையாட்ட விண்டோஸுக்குன்னே செஞ்சிருக்காங்க. லினக்ஸுக்கு அது பேசுற பேச்சு புரியாது" என்றார் ஆசிரியர். "நடுவில ஒரு ஆளை நிறுத்தணும். அது பேசுறத இதுக்கு மாத்திச் சொல்லுத ஆளு. அது ஒரு நிரல். பேரு வைன்."

"மொழிபெயர்ப்பாளர் மாதிரியா?"

"ஆமா. நீங்களே போட்டுப் பாருங்க. நான் பக்கத்துல இருக்கேன்."

வகுப்புக்குத் தூக்கிவந்த அவருடைய கணினியில் பலமுறை தப்பாக வந்தது. ஒரு சனிக்கிழமை, இடிந்த நகரம் திரையில் எழும்பி நின்றது. தாணுலிங்கம் நாற்காலியைவிட்டு எழுந்துவிட்டார். "டீச்சர், ஓடுது! நானே ஓட்டியாச்சு!" எட்வின்கூடக் கைதட்டினான்.

அந்த மழைக்காலம் முழுக்க அப்பாவும் மகனும் ஒரு ஞாயிறுகூடத் தவறவிடாமல் விளையாடினார்கள். ஒருநாள் விளையாட்டு முடிந்த பிறகும் விபின் போகவில்லை. "அப்பா, சாப்டீங்களா?" என்று கேட்டான். "சாப்ட்டேன் மக்ளே" என்றார். காலையிலிருந்து பட்டினி. ஆனாலும் பொய் என்று அவருக்குத் தோன்றவில்லை.

அதற்குப் பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை விளையாட்டு திறக்கவில்லை. திரையில் ஓர் அறிவிப்பு நின்றது. அவருடைய கணக்கு நிறுத்தப்பட்டுவிட்டது. காரணம், முறைகேடான ஆட்டம். அந்த அறிவிப்பு அவருடைய அணியில் உள்ள எல்லோருக்கும் போயிருந்தது.

கொஞ்ச நேரத்தில் மகனிடமிருந்து ஒரு வரி வந்தது.

"இங்கயும் கள்ளமா அப்பா?"

அவர் உடனே கூப்பிட்டார். "மக்ளே, நான் கள்ளாட்டம் ஆடல. இது லினக்ஸு. நடுவில ஒரு நிரல் இருக்கு, அது வந்து…"

"உங்களுக்கு எப்பவும் ஒரு காரணம் இருக்கும்" என்று வைத்துவிட்டான். பிறகு எடுக்கவேயில்லை.

தாணுலிங்கம் ஆசிரியரிடம் வந்தார். உட்காரவில்லை.

"நான் ஏமாத்தலியே டீச்சர்?"

"இல்ல அண்ணாச்சி."

"பின்ன எதுக்கு என்னைக் கள்ளன்னு சொல்லணும்?"

ஆசிரியர் எல்லாவற்றையும் பார்த்துவிட்டுச் சொன்னார். "அந்தக் கம்பெனி புதுசா ஒரு காவலாளிய வச்சிருக்கு. விளையாடுறவங்க கம்ப்யூட்டருக்குள்ள போய் யாரு என்னன்னு பாக்கும். உங்க கம்ப்யூட்டர்ல நடுவில நிக்கிற ஆளை அதுக்கு அடையாளம் தெரியல. அடையாளம் தெரியாதவங்க எல்லாரும் அதுக்குக் கள்ளன்தான்."

"அதுக்குப் பின்னால நான் நிக்கேனே. நான் தெரியலியா?"

ஆசிரியர் விசைப்பலகையைத் தன் பக்கம் இழுத்தார்.

கம்பெனிக்கு முறையீடு எழுதினார்கள். யாருக்கும் அனுப்பக்கூடிய ஒரே பதில்தான் வந்தது. மறுபடி எழுதினார்கள். அதே பதில் மறுபடி வந்தது. இதே விளையாட்டை லினக்ஸில் ஆடிய மற்றவர்களையும் ஆசிரியர் தேடிப் பிடித்துக் கேட்டார். அவர்களும் வெளியேதான் நின்றுகொண்டிருந்தார்கள்.

தாணுலிங்கம் வகுப்புக்கு வருவது நின்றது.

ஒரு சனிக்கிழமை மாலை ஆசிரியர் அவர் வீட்டுக்கு வந்தார். எட்வின்தான் வண்டியில் கூட்டிவந்தான். கணினிக்கு முன்னால் உட்கார்ந்து, கைப்பையிலிருந்து ஒரு பென்டிரைவை எடுத்துச் சொருகினார். திரையில் விண்டோஸின் நீல நிறம் வந்தது.

எட்வின் திடுக்கிட்டான். "டீச்சர், நீங்களா இதைப் போடுதீங்க?"

"ஆமா."

"அவ்வளவு கம்ப்யூட்டர வேண்டாம்னு சொன்னீங்களே! எங்களுக்கு இத்தன நாளும் என்ன சொல்லிக்குடுத்தீங்க?"

"வேண்டாம்னு சொன்னது நான். அதுக்கான கஷ்டத்த நான்தான் பட்டேன்" என்றார் ஆசிரியர், திரையிலிருந்து கண்ணை எடுக்காமல். "இங்க பிடிவாதம் எனக்குள்ளது. கள்ளன்னு பேரு வாங்கினது இவரு."

எட்வின் வெளியே போய் வண்டியருகில் நின்றுகொண்டான்.

"லினக்ஸை அழிச்சிரவா அண்ணாச்சி?"

"வேண்டாம் டீச்சர். அது ஒரு ஓரமா இருக்கட்டும்."

பழைய கணக்கு மீளவில்லை. புதுக் கணக்குத் தொடங்கவேண்டியிருந்தது. பெயர் கேட்டது. தாணுலிங்கம் யோசித்து, தும்பி என்று போட்டார்.

மறுநாள் காலை தும்பி அந்த நகரத்துக்குள் போனான். விபின் அணியில் நாலாவது இடம் இன்னும் காலியாகத்தான் இருந்தது. சேர்ந்துகொள்ளலாமா என்று கேட்டான். வாருங்கள் என்று பதில் வந்தது. உள்ளே போனதும் மகனின் குரல் கேட்டது.

"யாரு புது ஆளு? பேசுங்க."

தாணுலிங்கம் மைக்கைத் திறக்கவில்லை. 'மைக் வேலை செய்யவில்லை' என்று எழுதினார்.

அடுத்த ஞாயிறும் எழுதத்தான் செய்தார். அதற்கடுத்த ஞாயிறும். வகுப்புக்கு மறுபடி வரத் தொடங்கினார். முகத்தில் கொஞ்சம் தெளிவு வந்திருந்தது.

"எப்படி இருக்காரு மகன்?" என்று ஆசிரியர் கேட்டார்.

"நல்லா சிரிச்சுப் பேசுதான் டீச்சர். போன வாரம் அவன் போட்ட மீன்கொழம்பு கரிஞ்சுபோச்சாம். அதைச் சொல்லி ஒரே சிரிப்பு. எனக்கிட்ட இப்பிடிப் பேசி எத்தன காலமாச்சு."

"உங்கள என்னன்னு கூப்பிடுதாரு?"

தாணுலிங்கம் தரையைப் பார்த்தார்.

"தும்பின்னு."

ஆசிரியர் திரும்பி, கரும்பலகையில் பாதியில் நின்ற வரியை எழுதி முடித்தார்.

"சொன்னா போயிருவான் டீச்சர்" என்றார் தாணுலிங்கம், யாரும் கேட்காமலேயே.

அந்த ஞாயிறு ஆட்டம் கடுமையாக இருந்தது. பாலத்துக்கடியில் தும்பி விழுந்துவிட்டான். மற்ற இருவரும் விட்டுவிட்டு வா என்று கத்தினார்கள். விபின் கேட்கவில்லை. குண்டு மழைக்குள் ஓடிவந்தான். குனிந்து கையைக் கொடுத்தான்.

"பயப்படாதீங்க. ஒண்ணுமில்ல. நான் வந்துட்டேன்லா."

ஆஸ்பத்திரிக் கட்டிலருகில் நின்று பேசுகிற குரல் அது. சரோஜத்தின் அருகில் ஒருநாள் ஒலித்திருக்க வேண்டிய குரல். தாணுலிங்கம் எப்போது மைக்கைத் திறந்தார் என்று அவருக்கே தெரியவில்லை.

"மக்ளே" என்றார்.

திரையில் விபினின் உருவம் அப்படியே நின்றது.

"அப்பாதான் மக்ளே. அன்னிக்கு நான் கள்ளாட்டம் ஆடல. சத்தியமா ஆடல. இத்தன வாரமாத்தான் ஆடினேன்."

எதிர்ப்பக்கத்தில் மூச்சுச் சத்தம் மட்டும் வந்தது. அது உடைந்து உடைந்து வந்தது. "அம்மைக்க காரியத்திலயும்…" என்று அவர் தொடங்கியபோது சத்தம் அறுந்துவிட்டது. விபினின் உருவம் மறைந்தது. அணி கலைந்துவிட்டதாக எழுத்து வந்தது. பாலத்துக்கடியில் அவர் தனியாகக் கிடந்தார்.

போன் செய்தார். எடுக்கவில்லை. அடுத்த ஞாயிறு போய்ப் பார்த்தார். விபின் வரவில்லை.

வகுப்பு முடிந்து எல்லோரும் போகும்வரை தாணுலிங்கம் காத்திருந்தார். கீழே சைக்கிள் கடையில் ஷட்டர் இறங்கியது.

"லினக்ஸ்ல இருந்தப்போ நேரா விளையாடினேன் டீச்சர். கள்ளன்னு வெளிய தள்ளுனாங்க. விண்டோஸ்ல வேற பேருல ஒளிஞ்சு போனேன். வாங்கன்னு சேத்துக்கிட்டாங்க. உண்மையச் சொன்னதும் மகனும் போயிட்டான். சொல்லாம இருந்திருந்தா, வாரத்துக்கு ஒருக்க அவனுக்க சத்தமாவது கேட்டிருப்பேன். நான் எதுக்குச் சொன்னேன்?"

ஆசிரியர் அவரெதிரே ஒரு ஸ்டூலை இழுத்துப்போட்டு உட்கார்ந்தார்.

"போறதுக்கு முன்னால அவரு என்ன சொன்னாரு?"

"ஒண்ணும் சொல்லல. அழுதான்னு நினைக்கேன்."

"தும்பிகிட்ட எப்பவாவது அழுதிருக்காரா?"

"இல்ல. அவன்கிட்ட சிரிப்புதான்."

ஆசிரியருடைய கண்களும் கலங்கியிருந்தன.

"வழியில பாக்குறவங்ககிட்ட சிரிச்சுப் பேசிட்டுப் போயிரலாம் அண்ணாச்சி. கோவிச்சுக்கிட்டு அழுறதுக்குத்தான் அப்பா வேணும்."