சோற்றைப் பற்றிய வரி

டயர் கடைக்கு மேலே இரண்டு அறை. பேசியதற்காகவும் எழுதியதற்காகவும் வழக்கில் மாட்டிக்கொண்டவர்களுக்கு அங்கே காசு வாங்காமல் வாதாடுவார்கள். வாதாடுகிறவர் வழக்கறிஞர் அமலோற்பவம். கோடை விடுமுறையில் அவரிடம் பயிற்சிக்கு வர சட்டக் கல்லூரி மாணவர்களுக்குள் அடிபிடி.

இந்த வருஷம் இடம் கிடைத்தது இசக்கியம்மாளுக்கு. கண்டக்டரான அவள் அப்பா, டிக்கெட்டோடு சேர்த்து அந்தச் செய்தியையும் பயணிகளுக்குக் கொடுத்துக்கொண்டிருந்தார்.

முதல் வாரமே ஒரு வேலை வந்தது. கொண்டல்சாமி என்கிற மேடைப் பேச்சாளர், குடிதண்ணீர் வராததைப் பற்றித் தெருமுனைக் கூட்டத்தில் பேசியிருந்தார். ஊர் அமைதியைக் கெடுத்தார் என்று பிடித்து உள்ளே வைத்துவிட்டார்கள். ஜாமீன் மனுவோடு அவருடைய பேச்சை முழுசாக எழுதி இணைக்க வேண்டும். இசக்கி செல்போனில் வீடியோவை ஓடவிட்டு எழுத உட்கார்ந்தாள்.

பாதியில் கை நின்றது.

"மேடம், இந்த ஆள் உங்களையும் பேசியிருக்கான்."

"தெரியும்."

"கேட்டீங்களா?"

"ஊரே கேட்டுச்சு. என் காது மட்டும் அடைச்சா இருக்கு?"

"இவனுக்குப் போய் நீங்க ஏன் மேடம் வாதாடணும்?"

அமலோற்பவம் வேறொரு வழக்குக் கட்டைப் பிரித்தார். "எழுதி முடிம்மா. நாளைக்கு விசாரணை" என்றார்.

இசக்கி எழுதி முடித்தாள். அந்த ஒரு வரியை மட்டும் விட்டுவிட்டாள். தண்ணீருக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. அந்த அசிங்கம் மேடத்தின் மனுவிலேயே ஏற வேண்டாம் என்று நினைத்தாள். யாருக்கும் தெரியாமல் அவருக்குக் காவல் நின்றது போல உள்ளுக்குள் பெருமையாகக்கூட இருந்தது.

மறுநாள் நீதிமன்ற வராந்தாவில் அமலோற்பவம் தாள்களைப் புரட்டினார். ஓரிடத்தில் நின்றார்.

"இங்கே ஒரு வரி இருந்துச்சே."

"அது வேண்டாம்னு..."

"யாருக்கு வேண்டாம்?"

"உங்களுக்குத்தான் மேடம். அதைப் போய் நான் என் கையால..."

"இது யார் பேச்சு?"

"கொண்டல்சாமி பேச்சு."

"இல்ல. இது நீ பேசின பேச்சு. இதைப் பேசினதுக்காக யாரையும் பிடிச்சு உள்ளே வைக்கல."

இசக்கி தலையைக் குனிந்துகொண்டாள்.

"அரசு வக்கீல்கிட்டயும் அந்த வீடியோ இருக்கு. ஒளிச்சுட்டாங்கன்னு அவர் எழுந்து சொன்னா, அப்புறம் நாம சொல்ற எதை நம்புவாங்க? அந்த மனுஷன் இன்னும் உள்ளேயே கிடப்பார்." பேனாவை எடுத்து நீட்டினார். "நீயே எழுது."

இசக்கி எழுதினாள். அமலோற்பவம் எட்டிப் பார்த்தார்.

"'வந்துவிட்டார்'னா சொன்னார்? அடேயப்பா, எனக்கு என்ன மரியாதை! அவர் சொன்னபடி எழுதும்மா."

வழக்கு வந்தது. நீதிபதி கண்ணாடியைக் கழற்றிவிட்டு, "பேச்சை நீங்களே வாசியுங்கள்" என்றார்.

அமலோற்பவம் வாசித்தார். கொண்டல்சாமியே நின்று பேசுவது போல, ஏற வேண்டிய இடத்தில் ஏறி, இறங்க வேண்டிய இடத்தில் இறங்கி. அந்த வரி வந்தது. அங்கேயும் குரல் தணியவில்லை.

"சொந்தப் பிள்ளைக்கு நேரத்துக்குச் சோறு போடாதவ, ஊருக்கு நியாயம் கேக்க வந்துட்டா, பெரிய வக்கீலு!"

பின்வரிசையில் யாரோ சிரித்தார்கள். இசக்கிக்கு முகம் எரிந்தது.

அரசு வக்கீல் துள்ளி எழுந்தார். "கேட்டீர்களா ஐயா? ஒரு பெண் வழக்கறிஞரை எவ்வளவு கேவலமாக! இவரை எப்படி வெளியே விடுவது?"

"யார் அந்த வழக்கறிஞர்?" என்று கேட்டார் நீதிபதி.

"நான்தான் ஐயா" என்றார் அமலோற்பவம்.

சிரித்த ஆள் இருமினார்.

நீதிபதி மறுபடியும் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு அவரைப் பார்த்தார். "உங்களுக்கு இதில் புகார் இல்லையா?"

"கோபம் இருக்கு ஐயா. புகார் இல்லை."

ஜாமீன் கிடைத்தது. இவர் என் சீனியர், இவர் என் சீனியர் என்று அந்த வராந்தா முழுக்கக் கத்திக்கொண்டே ஓட வேண்டும் போலிருந்தது இசக்கிக்கு.

அடுத்த நாள் சிறை வாசலுக்கு இருவரும் போனார்கள். கொண்டல்சாமி துணிப்பையோடு வெளியே வந்தார். மேடையில் முழங்குகிறவர் இங்கே பையைப் பார்த்தபடியே பேசினார்.

"அம்மா... அந்தச் சோத்து விஷயம்... கைதட்டல் வரட்டுமேன்னு சொல்லிட்டேன். இனிமே சத்தியமா பேச மாட்டேன்."

"பேசுறதும் பேசாததும் உங்க பாடு. நாளைக்குச் சாயங்காலம் சும்மாதானே இருப்பீங்க?"

"சும்மாதாம்மா."

"அப்போ உங்க தெருமுனைக்கு வந்துடுங்க."

ஏன் என்று கேட்கத் தைரியமில்லாமல், கும்பிட்டுவிட்டு அவர் பஸ் ஏறினார்.

திரும்பி வரும்போது ஆட்டோவில் இசக்கி மெதுவாகக் கேட்டாள். "உங்களுக்கு வலிக்கலையா மேடம்?"

"வலிக்காம? என் மக பாதி நாள் ஹோட்டல் இட்லியிலதான் வளர்ந்தா. அவர் சொன்னதுல பாதி நெசம்."

"அப்புறம் ஏன் அவரை ஒரு வார்த்தைகூடக் கேக்கல? பதிலே சொல்லாம விட்டுட்டீங்களே!"

"யார் விட்டா? நாளைக்கு அவர் பேசின அதே இடத்துல எனக்குக் கூட்டம். அதே மைக்செட். என் மகதான் முதல்ல பேசுறா. சோத்தைப் பத்தி அவளுக்குத்தானே தெரியும்?"

இசக்கி சிரித்துவிட்டாள். சிரிப்பு பாதியில் நின்றது.

"அதுக்காகவா மேடம் அவரை வெளியே எடுத்தீங்க?"

"பின்னே? அந்த மனுஷன் உள்ளே கிடந்தா, நான் யாருக்குப் பதில் சொல்ல?"